நியுவே ஒரு நாடா? சுதந்திர இணைவு பற்றி ஓர் எளிய விளக்கம்

2011ஆம் ஆண்டு முடிவில் ஐக்கிய நாடுகள் சபையில் 193 உறுப்பு நாடுகள் இருந்தன. அதே ஐ.நா. குடும்பத்தைச் சேர்ந்த உலக சுகாதார நிறுவனத்தில் 194 இருந்தன. ஒன்று எப்படிக் கூடியது? லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி ஐரோப்பிய நாடு ஐ.நா.வில் உண்டு, சுகாதார நிறுவனத்தில் கிடையாது. அதைக் கழித்தால் 192. ஐ.நா.வில் இல்லாத இரண்டு பெயர்கள் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருக்கின்றன: குக் தீவுகள், நியுவே. கூட்டினால் 194, கணக்கு சரி.

இரண்டும் தென் பசிபிக்கில், பாலினீசியா எனப்படும் தீவுப் பரப்பில் உள்ளவை. இரண்டுக்கும் சொந்தச் சட்டமன்றம், சொந்தச் சட்டம், சொந்த அமைச்சரவை உண்டு. ஆனால் அங்கே உள்ளவர்கள் கையில் இருப்பது நியூசிலாந்து பாஸ்போர்ட். அப்படியானால் இவை நாடுகளா? ஆமாம் என்றாலும் இடிக்கும், இல்லை என்றாலும் இடிக்கும்.

இந்த ஏற்பாட்டை உலகம் ஃப்ரீ அசோசியேஷன் என்கிறது. நாம் சுதந்திர இணைவு என்று வைத்துக்கொள்வோம். இதை விளக்க நியுவேயை எடுத்துக்கொள்கிறேன். குக் தீவுகளைவிடச் சிறியது, பேசப்படுவதும் குறைவு. ஆனால் இந்த ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் பளிச்சென்று தெரிகின்றன.

காயல் இல்லாத தீவு

பசிபிக் வரைபடத்தில் டோங்கா, சமோவா, குக் தீவுகள் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அதற்குள் தனியாக இருப்பது நியுவே. பரப்பளவு சுமார் 260 சதுர கிலோமீட்டர். வாழ்பவர்கள் ஏறத்தாழ 1,700 பேர். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து வடகிழக்கே கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர், விமானத்தில் மூன்றரை மணி நேரம் போல ஆகும். நடுவே தேதிக்கோட்டைத் தாண்டுவதால், ஏறிய நாளுக்கு முந்தைய நாளில்தான் இறங்குவீர்கள்.

பாலினீசியா என்றதும் சுற்றுலா விளம்பரங்களில் வரும் வெண்மணலும் பச்சை நீலக் காயலும்தான் நினைவுக்கு வரும். நியுவேயில் அப்படி ஒரு காயலே கிடையாது. கடலுக்கு அடியிலிருந்து மேலே தள்ளப்பட்ட ஒரு பெரிய பவளப்பாறைதான் இந்தத் தீவு. கரை நெடுகச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, அதில் குகைகளும் பிளவுகளும். ஆறு, ஓடை எதுவும் இல்லை. பெய்கிற மழை பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் சேர்கிறது, அதைத்தான் இறைத்துக் குடிக்கிறார்கள். நல்ல துறைமுகம் அமையவும் வழியில்லை. தலைநகர் அலோஃபியில் சரக்குக் கப்பல் கடலில் நிற்க, சாமான்கள் பார்ஜில் கரைக்கு வரும். சிறு படகுகளைக்கூட கிரேன் வைத்துத் தண்ணீரில் இறக்குகிறார்கள்.

இந்த நில அமைப்பை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் அரசியல் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. மண் குறைவு, துறைமுகம் இல்லை, சந்தை தூரம். சேப்பங்கிழங்கு நன்றாக விளையும், தென்னை உண்டு, கொஞ்சம் தேன் உண்டு. இவற்றை மட்டும் நம்பி ஓர் அரசாங்கத்தை, மருத்துவமனையை, விமான நிலையத்தை, பள்ளிக்கூடத்தை நடத்த முடியாது. அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது.

லண்டனிடம் கேட்டார்கள், வெலிங்டன் வந்தது

1774இல் ஜேம்ஸ் குக் இங்கே கரையிறங்கப் பார்த்தபோது தீவுக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். அவர் பதிலுக்கு "காட்டுமிராண்டித் தீவு" என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் நூறாண்டுக்கும் மேலாக வரைபடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்நியரை இறங்கவிடாததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 1860களில் பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் பசிபிக் தீவுகளில் ஆள்பிடித்தபோது நியுவேயும் தப்பவில்லை.

1846இல் பெனியாமினா என்ற நியுவேக்காரர் சமோவாவிலிருந்து கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தார். தீவு இன்றுவரை தேவாலயத்தைச் சுற்றித்தான் இயங்குகிறது. ஐரோப்பிய வல்லரசுகள் பசிபிக்கைப் பங்குபோட ஆரம்பித்ததும், நியுவேயின் அரசர்கள் பிரிட்டனின் பாதுகாப்பைக் கேட்டு விக்டோரியா மகாராணிக்குக் கடிதம் எழுதினார்கள். பாதுகாப்பு 1900இல் வந்தது. மறு ஆண்டே, 1901இல், பிரிட்டன் அவர்களை, வெலிங்டனைத் தலைநகராகக் கொண்ட நியூசிலாந்திடம் தள்ளிவிட்டது. நியூசிலாந்து தன் பங்குக்கு நியுவேயைக் குக் தீவுகளின் நிர்வாகத்தோடு சேர்த்துக் கட்டிவிட, நியுவேக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகுதான் தனி நிர்வாகம் கிடைத்தது. தாங்கள் யாருடைய வாலும் அல்ல என்ற இந்தப் பிடிவாதம் அவர்கள் வரலாறு முழுக்கத் தெரியும்.

முதல் உலகப் போருக்கு இந்தத் தீவிலிருந்து சுமார் 150 பேர் நியூசிலாந்துப் படையில் சேர்ந்து எகிப்துக்கும் பிரான்சுக்கும் போனார்கள். ஐரோப்பியக் குளிரும் அங்கத்திய நோய்களும் அவர்களைச் சாய்த்துவிட்டன. 1916லேயே பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆட்சி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். நியூசிலாந்து அனுப்பிய ரெசிடென்ட் கமிஷனர்தான் தீவில் நிர்வாகி, அவரேதான் நீதிபதியும். 1953இல் அந்தப் பதவியில் இருந்த ஹெக்டர் லார்சன், அற்பக் குற்றங்களுக்கும் மக்களைச் சிறையில் தள்ளுபவர் என்று பெயரெடுத்தவர். ஓர் இரவு, சிறையிலிருந்து தப்பிய மூன்று பேர் அவரைத் தூக்கத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். மூவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அது குறைக்கப்பட்டது. நியூசிலாந்தில் பலருக்கு, தங்கள் நாடு ஒரு காலனியை எப்படி ஆள்கிறது என்பதே அப்போதுதான் தெரிய வந்தது.

மூன்று வழிகள்

இனி விஷயத்துக்கு வருவோம். 1960 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. முதலாவது, 1514ஆம் எண் தீர்மானம், காலனி ஆட்சி முடிவுக்கு வர வேண்டும் என்றது. அடுத்தது 1541ஆம் எண். ஒரு காலனி காலனியாக இல்லாமல் போக என்னென்ன வழிகள் உண்டு என்று அது விளக்கியது.

வழிகள் மூன்று. முழு விடுதலை பெற்றுத் தனி நாடாவது ஒன்று. வேறொரு நாட்டோடு சம உரிமையுடன் முழுமையாகக் கலந்துவிடுவது மற்றொன்று. இவை இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதுதான் சுதந்திர இணைவு: உள்நாட்டு ஆட்சி முழுக்கத் தங்கள் கையில், ஆனால் ஒரு பெரிய நாட்டோடு உறவு தொடரும்.

இதற்கு ஐ.நா. இரண்டு நிபந்தனைகள் போட்டது. மக்கள் விஷயம் தெரிந்து, தாங்களாகவே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பிற்பாடு மனம் மாறினால் அந்த ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கே இருக்க வேண்டும். "சுதந்திர" என்ற அடைமொழிக்கு இங்கே பொருள் வருவது இரண்டாவது நிபந்தனையால்தான். வெளியே போகும் கதவு பூட்டப்பட்டிருந்தால் அது இணைவாகாது.

இந்த வழியில் முதலில் போனது குக் தீவுகள், 1965இல். நியுவேக்கும் அதே சமயத்தில் அதையே கொடுக்க நியூசிலாந்து தயாராக இருந்தது. நியுவேக்காரர்கள் அவசரப்படவில்லை, இன்னும் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம் என்றார்கள். காலனி வைத்திருந்தவர் போகிறேன் என்று சொல்ல, காலனிக்காரர் இருங்கள், இன்னும் பேசி முடிக்கவில்லை என்று சொன்ன கதை இது. 1974 செப்டம்பரில், ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 65 சதவீதம் பேர் சுதந்திர இணைவுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அக்டோபர் 19 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ராபர்ட் ரெக்ஸ் முதல் பிரீமியர், அதாவது பிரதமர், ஆனார். 1992இல் இறக்கும்வரை அவர்தான் அந்தப் பதவியில் இருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நியுவே அரசியல் சட்டத்துக்கான 1974ஆம் ஆண்டுச் சட்டம் மிகச் சிறியது. அதில் நாம் பார்க்க வேண்டிய விஷயங்கள் மூன்றே.

நியுவேக்காரர்கள் நியூசிலாந்துக் குடிமக்களாகத் தொடர்வார்கள் என்பது ஒன்று. நியுவேக்கென்று தனிக் குடியுரிமை கிடையாது. அலோஃபியில் பிறந்த ஒருவர் எந்த விசாவும் இல்லாமல் ஆக்லாந்தில் போய்த் தங்கலாம், வேலை பார்க்கலாம், ஓட்டுப் போடலாம்.

அப்புறம், வெளியுறவும் பாதுகாப்பும் நியூசிலாந்தின் பொறுப்பு. இந்த வரியை மேலோட்டமாகப் படித்தால், வெளிநாடுகளோடு பேசும் அதிகாரம் நியுவேக்கு இல்லை என்று தோன்றும். நடைமுறை வேறு. பொறுப்பு என்றுதான் சட்டம் சொல்கிறது, அதிகாரம் என்று சொல்லவில்லை. நியுவே கேட்டால், நியுவேயின் சார்பில் நியூசிலாந்து செய்து கொடுக்கும். கேட்காவிட்டால் நியுவே தானே செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, தேவையான பொருளாதார, நிர்வாக உதவியைத் தருவது நியூசிலாந்து அரசின் தொடரும் கடமை. என்னைக் கேட்டால் சட்டத்திலேயே முக்கியமான வாக்கியம் இதுதான். உதவி என்பது இங்கே பெரிய மனதுக்காரர் தரும் தானம் இல்லை, சட்டத்தில் எழுதிவைத்த கடமை. அரசுகள் மாறும், வெலிங்டனில் சிக்கன மனநிலை வரும் போகும், ஆனால் அந்த வாக்கியம் அங்கேயே இருக்கும். எவ்வளவு, எப்படி என்று பேரம் நடக்கும். கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழாது.

மறுபக்கம், நியுவே சட்டமன்றம் கேட்டு ஒப்புக்கொள்ளாமல் நியூசிலாந்து நாடாளுமன்றம் அதற்காக ஒரு சட்டம்கூடப் போட முடியாது. அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் நியுவே சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், தீவு மக்களின் வாக்கெடுப்பும் வேண்டும். வெலிங்டனுக்கு அதில் கையெழுத்துப் போடும் வேலை இல்லை.

கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போன மகனை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு தனி, வரவு செலவு தனி, வீட்டு விஷயத்தில் அப்பா தலையிட முடியாது. ஆனால் ரேஷன் கார்டு இன்னும் ஒன்றுதான். அதிலிருந்து பேரை நீக்குவதா வேண்டாமா என்பது மகனின் முடிவு.

அந்தச் சட்டமன்றத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். 20 உறுப்பினர்கள். 14 கிராமங்களுக்குத் தலா ஒருவர், மீதி 6 பேரைத் தீவு முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. சில கிராமங்களில் வாக்காளர் எண்ணிக்கை ஒரு பெரிய கல்யாண வீட்டுக் கூட்டம் அளவுக்குக்கூட வராது. வேட்பாளர் எல்லோரும் சொந்தக்காரர்கள், கட்சி என்று எதுவும் கிடையாது. அரச தலைவர் பெயரளவில் நியூசிலாந்தின் மன்னர், அதாவது பிரிட்டனில் இருக்கும் அதே மன்னர்.

பாஸ்போர்ட்டின் விலை

1970களின் தொடக்கத்தில் தீவுக்கு விமான நிலையம் வந்தது. அதற்கு முன் வெளியே போக வேண்டுமென்றால் கப்பல்தான். 1960களின் நடுவில் 5,000ஐத் தாண்டியிருந்த மக்கள்தொகை, விமானம் வந்ததும் வேகமாகக் கரைய ஆரம்பித்தது. நாற்பது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது. நியூசிலாந்தின் 2018 கணக்கெடுப்பில் நியுவே இனத்தவர் என்று பதிந்தவர்கள் 30,000க்கும் மேல். தீவில் ஒருவர் இருந்தால் நியூசிலாந்தில் பதினேழு, பதினெட்டுப் பேர்.

இதைப் பஞ்சம் பிழைக்கப் போன கதையாக மட்டும் பார்க்கக் கூடாது. நல்ல சம்பளம், மேல்படிப்பு, பெரிய மருத்துவமனை எல்லாம் மூன்றரை மணி நேரத்தில் இருக்கின்றன, விசாவும் வேண்டாம். போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும். ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. 1959, 1960 புயல்களுக்குப் பிறகு நியூசிலாந்து கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் பல, கதவு ஜன்னல் இல்லாமல், செடி முளைத்து நிற்கின்றன. இடித்துவிட்டு வேறு யாருக்காவது கொடுக்கவும் முடியாது. நிலம் மகஃபாவோவா எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம், பங்காளிகளில் பாதிப் பேர் கடல் தாண்டி இருக்கிறார்கள். வெளியார் நிலம் வாங்கவும் வழியில்லை.

2004 ஜனவரியில் ஹெட்டா புயல் அடித்தபோது அலைகள் அலோஃபியின் உயரமான பாறைக் கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தன. மருத்துவமனை போயிற்று, அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பெரும்பகுதி போயிற்று. இனி இந்தத் தீவில் மனிதர் வாழத்தான் வேண்டுமா, எல்லோரும் நியூசிலாந்துக்கே போய்விடலாமே என்ற பேச்சு வெளியே வெளிப்படையாகக் கிளம்பியது. நியுவே இருந்து காட்டியது. புது மருத்துவமனை கட்டப்பட்டது. 2006இல் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து ஒரு நீண்ட கால அறக்கட்டளை நிதியை உருவாக்க உதவின.

போனவர்கள் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. பையனுக்கு வளர்த்த முடியை முதன்முதலாக வெட்டும் சடங்கு, பெண்ணுக்குக் காது குத்தும் சடங்கு என்றால் ஆக்லாந்திலிருந்து விமானம் நிறைய ஆட்கள் வருவார்கள், மொய்ப் பணமும் கனமாக வரும். திரும்பிப் போகும்போது பெட்டியில் சேப்பங்கிழங்கும், ஊகா எனப்படும் தென்னை நண்டும் இருக்கும். மொழி விஷயம்தான் கவலை. நியுவே மொழி பேசுபவர்கள் பெரும்பாலும் இப்போது நியூசிலாந்தில் இருக்கிறார்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வளர்கிறார்கள். யுனெஸ்கோ அதை அழிவு அபாயத்தில் உள்ள மொழிகளில் சேர்த்திருக்கிறது.

நாடாக இருப்பதையே விற்பது

விளைச்சல் குறைவு, ஆட்கள் குறைவு. பிறகு நியுவேயிடம் விற்க என்ன இருக்கிறது? ஒரு நாட்டுக்கு மட்டும் கிடைக்கும் சில உரிமைகள் இருக்கின்றன. அவற்றைத்தான் அது விற்றது. சில நல்ல வியாபாரம், சில மோசம்.

தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான தபால்தலைகள் முதலில் வந்தன. பிறகு நாணயங்கள். ஒரு பக்கம் ராணியின் அல்லது மன்னரின் முகம், மறுபக்கம் ஸ்டார் வார்ஸ் பாத்திரங்கள் என்று வெள்ளி நாணயங்கள் நியுவேயின் பெயரில் வெளியாகின்றன. சட்டப்படி செல்லுபடியாகும் பணம்தான், ஆனால் யாரும் அதைக் கொடுத்து அலோஃபியில் ரொட்டி வாங்குவதில்லை. கடையில் புழங்குவது நியூசிலாந்து டாலர்.

தன் தொலைபேசிக் குறியீட்டை ஆபாச அரட்டைச் சேவைகளுக்கு வாடகைக்கு விட்டது ஒரு காலம். 1990களில் பனாமாவின் மொசாக் ஃபொன்சேகா சட்ட நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டு முகமூடி நிறுவனங்களைப் பதிவு செய்து கொடுத்ததும் உண்டு. 2016இல் பனாமா ஆவணங்கள் கசிந்தபோது உலகமே கேள்விப்பட்ட அதே நிறுவனம். கள்ளப்பணத் தடுப்புக்கான சர்வதேசக் குழு 2000இல் நியுவேயைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2002இல் பெயர் நீங்கியது, பிறகு அந்தத் தொழிலே மூடப்பட்டது. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஒரு நிர்வாகம், தன் முத்திரையை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்காணிக்க முடியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இணையப் பெயர்தான் எல்லாவற்றிலும் சிக்கலான கதை. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்து இணையக் குறியீடு உண்டு. அது ஐ.நா. உறுப்பினரா என்று பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. நாடுகளுக்கும் தனி நிலப்பகுதிகளுக்கும் குறியீடு தரும் ஒரு சர்வதேசத் தரப் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருந்தால் போதும். நியுவேக்கு "டாட் என்யு" கிடைத்தது. ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து மொழிகளில் அந்த இரண்டு எழுத்துக்கு "இப்போது" என்று பொருள் வரும் என்பதால் அங்கே அது அமோகமாக விற்றது. ஆனால் அதை நடத்தியது ஓர் அமெரிக்கர் தொடங்கிய அமைப்பு. 2013இல் நிர்வாகம் ஸ்வீடனின் இணைய அறக்கட்டளைக்குப் போனது. அது எங்களுக்குச் சேர வேண்டியது என்று நியுவே ஸ்வீடனிலேயே வழக்குப் போட்டது. குறியீடு கிடைக்க நாடாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கிடைத்ததைக் காப்பாற்றிக்கொள்ள வழக்கறிஞர்களும் பணமும் உள்ள நாடாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சொத்து கடல். 1982இன் கடல் சட்ட உடன்படிக்கைப்படி கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள வளங்களின் மேல் கரைநாட்டுக்கு உரிமை உண்டு. இதன்படி 260 சதுர கிலோமீட்டர் தீவுக்குக் கிடைத்த கடல் சுமார் 3,17,000 சதுர கிலோமீட்டர், நிலத்தைப்போல் 1,200 மடங்கு. அதில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்துக் காசு பார்க்கலாம். நியுவே இதில் வேறு மாதிரியும் யோசித்தது. தன் கடலில் 40 சதவீதத்தை, அதாவது 1,27,000 சதுர கிலோமீட்டரை, மீன்பிடிக்கத் தடை உள்ள காப்பகமாக்கியது. 2023இல், ஒரு சதுர கிலோமீட்டரை 20 ஆண்டுகள் பாதுகாக்க 250 நியூசிலாந்து டாலர் கொடுங்கள் என்று உலகத்தாரிடம் கேட்டு ஒரு திட்டத்தை அறிவித்தது. கடலின் மேல் கொடுப்பவருக்கு உரிமை எதுவும் வராது. இந்தப் பட்டியலிலேயே கண்ணியமான வியாபாரம் இதுதான் என்பது என் எண்ணம்.

யார் ஏற்கிறார்கள்?

ஒரு நிலப்பகுதி நாடாகிறது என்பது ஒரே நாளில் ஒரே இடத்தில் முடிவாவதில்லை. நியுவேயைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1993இல் யுனெஸ்கோ, 1994இல் உலக சுகாதார நிறுவனம். அதே 1994இல், தன் பெயரில் சர்வதேச ஒப்பந்தங்கள் செய்யும் முழுத் தகுதி நியுவேக்கு உண்டு என்று ஐ.நா. செயலகம் ஏற்றது. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தில் நியுவே தனியாகக் கையெழுத்திட்டிருக்கிறது. 2019இல் ஆசிய வளர்ச்சி வங்கியில் சேர்ந்தது. சீனா 2007இலும் இந்தியா 2012இலும் தூதரக உறவு ஏற்படுத்தின. இந்தியா 2014இல் பசிபிக் தீவு நாடுகளோடு தொடங்கிய கூட்டமைப்பில் உள்ள 14 நாடுகளில் நியுவேயும் ஒன்று. ஜப்பான் 2015இல் அங்கீகரித்தது. அமெரிக்காவுக்கு 2023 செப்டம்பர் வரை ஆனது. பசிபிக்கில் சீனாவின் கை ஓங்குகிறது என்ற கவலை வந்த பிறகுதான் வாஷிங்டனுக்கு இந்தத் தீவு ஒரு நாடாகத் தெரிந்தது.

விளையாட்டில் குழப்பம் இன்னும் சுவாரசியம். காமன்வெல்த் விளையாட்டுகளில் நியுவே தன் கொடியோடு கலந்துகொள்கிறது. 2022இல் பர்மிங்காமில் டியூக்கன் டுடாகிடோவா-வில்லியம்ஸ் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார், அதுதான் அவர்களின் முதல் பதக்கம். ஒலிம்பிக்கில் நியுவே கிடையாது. குக் தீவுகள் உண்டு! 1986இல், விதிகள் தளர்வாக இருந்தபோதே குக் தீவுகள் உள்ளே போய்விட்டது. 1990களில் விதி இறுகிய பிறகு நியுவேக்குக் கதவு திறக்கவில்லை. அரசியல் தகுதி இரண்டுக்கும் ஒன்றுதான், வரிசையில் நின்ற நேரம்தான் வேறு.

ஐ.நா.வில் ஏன் சேரவில்லை? விண்ணப்பிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தடையாக நிற்பது குடியுரிமை. தனக்கென்று குடிமக்கள் இல்லாத ஒன்று முழு இறைமை கொண்ட நாடு என்று எப்படிச் சொல்வது என்பது நியூசிலாந்தின் நிலை. நாற்காலி வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டை விட வேண்டிவரும்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதைக் குக் தீவுகள் அண்மையில் பார்த்தது. அதன் பிரதமர் மார்க் பிரவுன் தனிப் பாஸ்போர்ட் கொண்டுவர யோசித்தபோது, நியூசிலாந்துக் குடியுரிமையை வைத்துக்கொண்டே அதைச் செய்ய முடியாது என்று வெலிங்டன் கறாராகச் சொல்ல, யோசனை கைவிடப்பட்டது. 2025 பிப்ரவரியில் அவர் சீனாவோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். நியூசிலாந்து, எங்களோடு போதுமான அளவு கலந்து பேசவில்லை என்று கோபப்பட்டு அந்த ஆண்டிலேயே சில கோடி டாலர் நிதியுதவியை நிறுத்திவைத்தது. வெளியுறவு யார் கையில் என்ற கேள்விக்கு 1965இலும் 1974இலும் எழுதப்பட்ட வரிகள் தெளிவான பதில் தராமல் விட்டதன் விளைவு இது. அமைதியான காலத்தில் அந்தத் தெளிவின்மை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பெரிய நாடுகள் போட்டி போட ஆரம்பித்ததும் அதுவே உரசலாகிவிட்டது.

மற்ற தீவுகள் எங்கே நிற்கின்றன?

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா, பலாவ் மூன்றும் அமெரிக்காவோடு சுதந்திர இணைவில் உள்ளவை. பெயர் அதேதான், உள்ளடக்கம் வேறு. அவர்களுக்குச் சொந்தக் குடியுரிமை உண்டு, ஐ.நா.வில் இடமும் உண்டு. அமெரிக்காவில் போய் வாழலாம், வேலை செய்யலாம், ஆனால் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல. பதிலுக்கு, தங்கள் கடற்பரப்பில் பாதுகாப்பு அதிகாரத்தை அமெரிக்காவிடம் கொடுத்திருக்கிறார்கள். இவை பாலினீசியாவும் இல்லை, மைக்ரோனீசியப் பகுதி.

பாலினீசியாவிலேயே எல்லா வகையும் இருக்கிறது. சமோவா 1962இல் நியூசிலாந்திடமிருந்து முழு விடுதலை பெற்றது. துவாலு 1978இல் பிரிட்டனிடமிருந்து. டோங்காவில் அரச பரம்பரை அறுபடவே இல்லை, பிரிட்டனின் பாதுகாப்பு 1970இல் முடிந்தது. ஹவாய் 1959இல் அமெரிக்காவின் ஒரு மாநிலமாகக் கலந்துவிட்டது. அதற்கு முன் அங்கே ஓர் அரசு இருந்ததும், அது 1893இல் கவிழ்க்கப்பட்டதும் பலருக்கு இன்னும் ஆறாத புண். ராபா நூயி எனும் ஈஸ்டர் தீவு சிலியின் கையில் இருக்கிறது. டஹிட்டியை உள்ளடக்கிய பிரெஞ்சுப் பாலினீசியாவுக்குச் சொந்தச் சட்டமன்றம் உண்டு, கடைசி வார்த்தை பாரிசுடையது. அதை 2013இல் ஐ.நா. மீண்டும் காலனி நீக்கப் பட்டியலில், அதாவது இன்னும் தன்னாட்சி பெறாத பகுதிகளின் பட்டியலில், சேர்த்தபோது பிரான்ஸ் கடுமையாக எதிர்த்தது.

நியுவேயின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது டோக்கலாவ். சுமார் 1,500 பேர் வாழும் மூன்று பவளத் தீவுகள், இன்னும் நியூசிலாந்தின் ஆட்சிப் பகுதி. நியுவே போன வழியிலேயே நீங்களும் போகலாம் என்று நியூசிலாந்தும் ஐ.நா.வும் ஊக்குவித்தன. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று விதி. 2006 வாக்கெடுப்பில் 60 சதவீதம் கிடைத்தது, போதவில்லை. 2007இல் மறுபடி நடந்தது, 64 சதவீதத்தைத் தாண்டியும் சில ஓட்டுகளில் நழுவியது. நியுவேயின் 65 சதவீதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நியுவேக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு விதியைப் போட்டிருந்தால் அதுவும் நூலிழையில் தோற்றிருக்கும். டோக்கலாவ் இன்றும் ஐ.நா.வின் காலனி நீக்கப் பட்டியலில் இருக்கிறது. பாலினீசியாவிலிருந்து அதோடு இன்னும் மூன்று பெயர்கள் அங்கே உண்டு: அமெரிக்கச் சமோவா, பிரெஞ்சுப் பாலினீசியா, ஐம்பது பேரைச் சுற்றியே மக்கள்தொகை உள்ள பிட்கேர்ன்.